ஏழாம் தொட்டி ஒயின்

ஏழாம் தொட்டியின் ஒயினைத் துப்ப முடியாது. இது முதன்முதலில் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, நிறுவனத்தின் ருசிக்கூடத்தில், பதினோரு விமர்சகர்கள் நாற்பதாவது கிளாஸை வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு வாளியின் மேல் குனிந்தபோது. ஒயின் வரவில்லை. தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தத் தொழிலில் ருசி பார்ப்பவர் யாரும் விழுங்குவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அறுபது ஒயினைப் பார்த்தாக வேண்டும், அத்தனையையும் விழுங்கினால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். அதனால் மோந்து பார்ப்பார்கள், உறிஞ்சுவார்கள், வாய்க்குள் உருட்டுவார்கள், பிறகு நேர்த்தியாகத் துப்பிவிட்டு மார்க் போடுவார்கள். விழுங்குகிறவனைக் கத்துக்குட்டி என்பார்கள். பதினோரு பேரில் மூத்தவருக்கு மூக்கர் என்று பெயர். மூடிய பாட்டிலை மோந்தே எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்பது அவரே பரப்பிய செய்தி. பத்தொன்பது வருஷமாக வேலை நேரத்தில் ஒரு மிடறுகூட அவர் தொண்டைக்குள் இறங்கியதில்லை. அவர் உதட்டைக் குவித்துப் பார்த்தார், கன்னத்தை இரண்டு கையாலும் அமுக்கினார், கழிப்பறைக்குப் போய் தலைகீழாகக் குனிந்து நின்றார். ஒரு சொட்டு வரவில்லை. மானம் போனால் போகிறது என்று விழுங்கப் பார்த்தார், உள்ளேயும் போகவில்லை. பதினோரு பேரும் உப்பிய கன்னத்தோடு திரும்பிவந்து, வெள்ளை விரிப்பு போட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

காரணத்தைச் சொல்ல ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும். அந்த நிறுவனத்தில் பாட்டிலின் பின்பக்கம் ஒட்டுகிற லேபிளில் நாலைந்து வரி எழுதுவதற்கென்றே ஒரு பெண்மணி இருந்தார். ருசிக்குறிப்பு எழுதுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் குறிப்பக்கா. பதினாலு வருஷமாக எழுதினார். கறுப்புச் செர்ரி, ஈரமண், பழைய தோல்பை, சீவிய பென்சில், பட்டுப் போன்ற முடிவு; முடிவு என்றால் கடைசியாக வாயில் தங்கும் ருசி. எழுதிய பழங்களில் பாதியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மூன்று இடங்களிலிருந்து லாரியில் வந்த மிச்சச் சரக்கைக் கலந்து அடைத்த ஒயினுக்கு, 'ஒரே மலைச்சரிவின் நேர்மையான குரல்' என்று எழுதியவரும் அவர்தான். சொன்னார்கள், எழுதினார். நிலவறையில் ஆள் தேவைப்பட்டபோது தன் தம்பியைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவரும் அவரே. தம்பிக்கு அக்காவின் எழுத்தைப் பார்த்தால் சிரிப்பு. 'இதுல பென்சில் வாசனை எங்கக்கா இருக்கு? எழுதும்போது நீ பென்சிலைக் கடிச்சிட்டிருந்தியா?' என்று கேட்பான். ஐந்து வருஷம் அந்த நிலவறையில் வேலை பார்த்தான்; பீப்பாய் உருட்டுவது, குழாய் மாட்டுவது, தொட்டி கழுவுவது என்று எல்லாம் செய்வான்.

சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைத் தோலோடு தொட்டியில் போட்டுப் புளிக்கவிடுவார்கள். சாற்றை இறக்கிய பிறகு அடியில் இடுப்பளவு சக்கை நிற்கும், அதை ஆள் இறங்கித்தான் மண்வெட்டியால் அள்ள வேண்டும். புளிக்கும்போது கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது; காற்றைவிடக் கனமானது என்பதால் சக்கையின் மேலேயே படுத்துக் கிடக்கும். அதனால் இறங்குவதற்கு முன் எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். மனிதனுக்கு மூச்சு நிற்க எவ்வளவு வாயு வேண்டுமோ, ஏறக்குறைய அந்த அளவில் சுடரும் நின்றுவிடும். அணைந்தால் காற்றாடி வைத்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதற்கென்று நல்ல கருவிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஒன்று வாங்கித் தரச் சொல்லி நிலவறை ஆட்கள் எழுதிய கடிதம் மூன்று அறுவடைகளாக மேலாளரின் மேஜையில் கிடந்தது.

தம்பி ஏழாம் தொட்டியில் இறங்க வேண்டிய அன்று காலை மெழுகுவர்த்தி அணைந்தது. தம்பி நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தான். வெளியே இரண்டு லாரிகளில் திராட்சை நின்றது, வெயில் ஏற ஏறப் பழம் கெடும். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். 'காத்துல அணைஞ்சிருக்கும்ப்பா. பத்து நிமிஷ வேலை, எறங்கு' என்றார். கதவு சாத்திய நிலவறைக்குள் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் கேட்கவில்லை. தம்பி இறங்கினான், நாலு மண்வெட்டி அள்ளினான், அவ்வளவுதான். பத்து நாற்பதுக்கு உடலை எடுத்தார்கள். மாலை நாலு மணிக்குத் தொட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, இரண்டு லாரித் திராட்சையையும் அதே ஏழாம் தொட்டியில் கொட்டினார்கள். வேறு தொட்டி காலியாக இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அது பச்சைப் பொய். ஒன்பதாம் தொட்டி காலியாகத்தான் இருந்தது, அதைத் தயார் செய்ய இன்னும் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

விசாரணை அறிக்கை பதினேழு நாளில் வந்தது. 'மெழுகுவர்த்திச் சோதனை செய்யாமல், தன் கவனக்குறைவால் தொழிலாளி தொட்டிக்குள் இறங்கினார்' என்று இருந்தது. கீழே சாட்சியாக ஏணிக்காரரின் கையெழுத்து. இதே ஏணிக்காரர்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் குறிப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'மெழுகுவத்தி அணைஞ்சுதுக்கா, என் கண்ணால பாத்தேன், சாரும் பாத்தாரு' என்று அழுதவர். இரண்டு நாள் கழித்து அவரை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள், அதன்பிறகு அவர் குறிப்பக்காவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி மனைவி அறிக்கையை நின்றபடியே வாசித்தாள். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவள். படுக்கப் போகும்முன் கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிற மனிதன் அவன். 'உயிரைத்தான் எடுத்தாங்க, சரி. அவரைக் கவனமில்லாதவர்னு எழுத இவங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? அந்த ஒரு வார்த்தைய எடுக்கச் சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்' என்றாள். எடுக்க வைக்கிறேன் என்று குறிப்பக்கா வாக்குக் கொடுத்தார். தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு ஒன்பது கடிதம் போட்டார். ஒன்பதாவதற்குப் பதில் வந்தது: கோப்பு முடிக்கப்பட்டது.

ஏழாம் தொட்டி ஒயின் அமோகமாக வந்தது. இதைச் சொல்வதற்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று அமைந்ததில்லை. பீப்பாயில் பத்து மாதம் கிடந்து பாட்டிலுக்குப் போகும் நேரத்தில் மேலாளர் குறிப்பக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். 'இதுக்கு நல்லா உருக்கமா ஒண்ணு எழுதிக் கொடுங்கம்மா. உங்க நடை வேற யாருக்கும் வராது' என்றார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பக்கா சரி சார் என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் இதை எழுதினார்: 'இந்தத் தொட்டியில் சக்கை அள்ள இறங்கியவர் உள்ளேயே இறந்துபோனார். இறங்கும் முன் விட்ட மெழுகுவர்த்தி அணைந்தது. அதைப் பார்த்த பிறகும் மேலாளர் இறங்கச் சொன்னார். பத்து நாற்பதுக்கு உடலை எடுத்தார்கள். நாலு மணிக்கு அதே தொட்டியில் திராட்சையைக் கொட்டினார்கள். நீங்கள் குடிப்பது அதைத்தான். அவர் கவனக்குறைவால் இறந்தார் என்று அறிக்கை சொல்கிறது. அது பொய்.'

பின் லேபிளுக்கு நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பேரும் போட்டார்கள், மேலாளர் உட்பட. சட்டப் பிரிவு மதுவின் சதவீதம் சரியா என்று பார்த்தது. விற்பனைப் பிரிவு தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தது. வடிவமைப்புப் பிரிவிலிருந்து மட்டும் ஒரு திருத்தம் வந்தது: 'கட்டத்துக்கு வெளிய போகுது மேடம், ஒரு பன்னண்டு வார்த்தை குறைச்சுக் கொடுங்க.' குறைத்துக் கொடுத்தார். நாற்பத்திரண்டாயிரம் பாட்டிலில் அது ஒட்டப்பட்டுக் கடைகளுக்குப் போனது. நாளைக்கே பிடித்துவிடுவார்கள், வேலை போகும், எல்லோரும் பேசுவார்கள், அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்து, மேஜை இழுப்பறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின் லேபிளை உலகத்தில் யாரும் வாசிப்பதில்லை என்பது பதினாலு வருஷம் அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. ஏழு மாதத்தில் ஒரே ஒரு கடிதம் வந்தது, மீனோடு இந்த ஒயின் ஒத்துப்போகுமா என்று கேட்டு.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பேச முடியாது, அடுத்த ஒயினைப் பார்க்க முடியாது, பதினோரு பேரும் மேஜையைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். செய்ய வேறு எதுவும் இல்லாததால் மூக்கர் எதிரில் இருந்த பாட்டிலைத் திருப்பினார். தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பின் லேபிளைக் கடைசி வரி வரை வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒயின் தானாகத் தொண்டைக்குள் இறங்கியது. பாட்டிலைப் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளினார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு எல்லோருடைய வாயும் காலி. தாகத்துக்கும் ஆசைக்கும் குடித்தவர்களுக்கு அந்த ஒயின் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை, அவர்கள் விழுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். துப்பும் எண்ணத்தோடு வாயில் வைத்தவர்களை மட்டும்தான் அது பிடித்து உட்கார வைத்தது.

யோக்கியர்களாக இருந்தால் அன்றைக்கே ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டிருப்பார்கள். இவர்கள் வீட்டுக்குப் போய் விமர்சனம் எழுதினார்கள். மூக்கர் எழுதியது இது: 'நிறம், ஆழ்ந்த கருஞ்சிவப்பு. மணம், நாவல்பழமும் நனைந்த கல்லும். முடிவு மிக நீளம், ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். பின் லேபிளில் நெஞ்சைத் தொடும் சிறுகதை ஒன்றும் உண்டு. பதினெட்டு டிகிரியில் பரிமாறவும். தொண்ணூற்று நாலு மார்க்.' இன்னொருவர் தொண்ணூற்றாறு போட்டார். அதை வாசித்த அன்று குறிப்பக்கா சமையலறையில் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். இரண்டாவதை எடுத்தபோது தம்பி மனைவி தடுக்கவில்லை, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த ஆறு தட்டும் அன்றோடு போயின.

நிறுவனம் இப்போதுதான் லேபிளை வாசித்தது. குறிப்பக்காவை அன்று மாலையே வெளியே அனுப்பினார்கள். ஒயினை மட்டும் திரும்பப் பெறவில்லை; மார்க்கைப் பார்த்துவிட்டு ஆட்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள், விருந்துகளில் அதைத் துப்பிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. கிடங்கில் மிச்சமிருந்த பாட்டில்களில் பழைய லேபிளைச் சுரண்டிவிட்டு, செர்ரி, ஈரமண், பட்டு என்று புதிதாக ஒன்றை ஒட்டினார்கள். பெரிய அளவில் வாங்க வந்த ஒருவருக்கு அதைத் திறந்தபோது, அவர் மரியாதைக்காக, 'முதல்ல நீங்க பாருங்க சார்' என்று கிளாஸை மேலாளரிடம் நீட்டினார். அந்தத் தொட்டியின் ஒயினை மேலாளர் அதுவரை வாயில் வைத்ததே இல்லை. தினமும் காலையில் பீப்பாய்களை ருசி பார்ப்பது அவர் வேலைதான்; ஏழாம் தொட்டிப் பீப்பாய்களுக்கு மட்டும் மோந்துகூடப் பார்க்காமல் சோதனைத் தாளில் 'நன்று' என்று எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வாய் எடுத்தார், கொப்பளித்தார், வாளிக்குக் குனிந்தார். வாங்க வந்தவர் தன் கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மேலாளர் புது லேபிளை வாசித்தார், ஒன்றும் ஆகவில்லை. குப்பையிலிருந்து பழைய லேபிளைத் தேடி எடுத்துவரச் சொல்லி அதையும் வாசித்தார், அப்போதும் அசையவில்லை. விஷயம் தெரியாதவர்கள் வாசித்தால் போதும், தெரிந்தவர்கள் எழுதித் தர வேண்டும் என்பதுதான் அந்த ஒயினின் முறை என்று நிலவறை ஆட்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. மருத்துவர் உறிஞ்சுகுழாய் போட்டார். இயந்திரம் கால்மணி நேரம் இழுத்தது, ஒயின் இருந்த இடத்தில் இருந்தது. மூக்கு வழியாகக் கஞ்சி போக ஒரு குழாய் வைத்து அனுப்பினார். மூன்றாம் வாரம் மேலாளர் தன் மனைவியோடு குறிப்பக்காவின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார் குறிப்பக்கா. மேலாளர் ஒன்றரைப் பக்கம் எழுதினார்: ஈடுசெய்ய முடியாத இழப்பு, எதிர்பாராத சூழல், குடும்பத்தின் துயரில் நிறுவனமும் பங்குகொள்கிறது. கன்னம் உப்பியபடியே இருந்தது.

குறிப்பக்கா வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். 'இந்த நடை எனக்குத் தெரியும் சார். பதினாலு வருஷம் நானும் இதைத்தான் எழுதினேன். வாசனையா இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. மூணு வரி போதும். மெழுகுவத்தி அணைஞ்சுது. நான் பாத்தேன். நான்தான் எறங்கச் சொன்னேன். எழுதுங்க, இப்பவே எறங்கிடும்.'

மேலாளரின் மனைவிக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கணவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். 'எழுதித் தொலைச்சிடுங்களேன்' என்றார். மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

வாயில் ஒயினோடு அவர் வேலைக்குத் திரும்பினார். நிறுவனத்துக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. கூட்டங்களில் தலையாட்டினார், கோப்புகளில் கையெழுத்துப் போட்டார், நிதானமான மனிதர் என்று பேர் வாங்கினார். இரண்டாம் வருஷம் பதவி உயர்வும் ஜன்னலோரம் பெரிய அறையும் கிடைத்தன. மூன்று வரி எழுதுவதைவிட மூக்கில் குழாயோடு வாழ்வது ஒரு மனிதனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது, அதை நினைத்தால் வயிறு எரிகிறது. காலையில் பீப்பாய்களை ருசி பார்க்கும் வேலையை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. அதை ஏணிக்காரருக்குக் கொடுத்தார்கள். நல்ல நாக்கு, எதிர்த்துப் பேசாத ஆள். ஏழாம் தொட்டி ஒயினில் ஒரு பீப்பாய் மட்டும் பாட்டிலுக்குப் போகாமல் ஒரு மூலையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் அந்தப் பக்கம் வந்தவர், அது கெட்டுவிட்டதா என்று பார்க்கும்படி விரலைக் காட்டிவிட்டுப் போனார். தன் வாயில் இருப்பதே அதற்குப் பதில் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். ஏணிக்காரர் வழக்கம்போல் சொன்னதைச் செய்தார்.

கன்னம் உப்பியதும் ஏணிக்காரர் வாளியைத் தேடவில்லை. வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து பேருந்து ஏறினார். தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் சைகையால் காகிதம் கேட்டார். அங்கே இருந்த பெண் ஊழியர் அவர் கன்னத்தைப் பார்த்து, 'ஒயினா?' என்று கேட்டுவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். மெழுகுவர்த்தி அணைந்ததையும், மேலாளர் சொன்னதையும், மூன்றரை வருஷத்துக்கு முன் தான் போட்ட பொய்ச் சாட்சியையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்தபோது ஒயின் இறங்கியது. நிலவறையிலிருந்து கிளம்பி ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது. திரும்பும் வழியில் குறிப்பக்காவின் வீட்டு வாசலில் நின்று, 'எழுதிக் குடுத்துட்டேன்கா' என்றார். உள்ளே வா என்று குறிப்பக்கா சொல்லவில்லை. போய்விடு என்றும் சொல்லவில்லை.

ஆறு வாரத்தில் அறிக்கை திருத்தப்பட்டது. 'சோதனையில் மெழுகுவர்த்தி அணைந்தபோதும், மேலாளரின் உத்தரவின்பேரில் தொழிலாளி தொட்டிக்குள் இறங்க நேர்ந்தது' என்று இருந்தது. குறிப்பக்கா வாசித்துக் காட்டினார், தம்பி மனைவி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் கேட்டது அந்த ஒரு வார்த்தையை எடுக்க வேண்டும் என்பதுதான், எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் அவளுக்கு முழுக் கோபமும் வந்தது. வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று நீதிபதி கேட்டபோது மேலாளர் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். எழுதித் தரலாமே என்றார் நீதிபதி. வலது கையில் நரம்பு வலி என்று வக்கீல் சான்றிதழ் நீட்டினார். வாய்தா கொடுத்தார்கள். அதே வலது கையால் மேலாளர் அன்று மத்தியானம் பத்தொன்பது கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். இதுவரை பதினான்கு வாய்தா ஆகியிருக்கிறது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரண்டு மணிக்குத் தம்பி மனைவி நிறுவனத்துக்குப் போகிறாள். முதல் தடவை காவலாளி நிறுத்தினார். 'தள்ளுப்பா' என்றாள், அவர் தள்ளி நின்றார். ஜன்னலோர அறையில் மேலாளருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைக்கிறாள். 'எழுதுங்க. நான் இருக்கேன்' என்கிறாள். ஐந்து மணி வரை இருக்கிறாள். மேலாளர் கோப்பைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், தாளைப் பார்க்க மாட்டார். இரண்டு வருஷமாக இது நடக்கிறது. வியாழக்கிழமை மத்தியானத்தில் அந்த அறையில் வேறு கூட்டம் எதுவும் வைப்பதில்லை, அவளுக்கென்று ஒரு நாற்காலியும் போட்டுவிட்டார்கள். சென்ற வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து இரண்டு பேர் முன்னாலும் வைத்தார். 'சாருக்கு வேணாம்ப்பா, அவர் வாயில இருக்கு' என்றாள் அவள். அவர் மேலாளரின் கன்னத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரிங்கம்மா என்று அந்த ஒரு கிளாஸை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.